ஏற்காடு ஏறும் காரும் எஞ்சின் சூடும்: தெர்மோஸ்டாட், டெம்பரேச்சர் சென்சார் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் சூடு பற்றிய சந்தேகமெல்லாம் மே மாதத்தில்தான் வரும். கீழே 40 டிகிரியைத் தொடும் வெயில், மேலே கோடை விழாக் கூட்டம், அடிவாரம் தாண்டியதும் 20 கொண்டை ஊசி வளைவு, முன்னால் முனகிக்கொண்டே ஏறும் ஒரு பஸ். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். என் பட்டறை மலைக்குப் போகும் வழியில் கோரிமேடு பக்கம் என்பதால் மலைக்குப் போகிறவர்களும் கேட்பார்கள், கொதிக்கக் கொதிக்க இறங்கி வருகிறவர்களும் கேட்பார்கள். பாதிக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான்: சூட்டை அளக்கிற பொருள் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டும் டெம்பரேச்சர் சென்சாரும் ஒன்றா?

இல்லை. தெர்மோஸ்டாட் ஒரு வால்வு. அதன் நடுவில் சின்ன பித்தளைக் குப்பி, குப்பிக்குள் மெழுகு. சூட்டில் மெழுகு உருகி விரியும், விரிந்து ஒரு தண்டைத் தள்ளும், ஸ்பிரிங்கை மீறி வால்வு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். செர்ஜியஸ் வெர்னெட் 1930-களில் கொண்டுவந்த இந்த மெழுகு வேலைதான் இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் ஓடுகிறது. வயரும் வேண்டாம், கரண்டும் வேண்டாம்.

சென்சார் எதையும் திறக்காது, மூடாது. சூட்டைப் பார்த்து எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அவ்வளவுதான்.

தெர்மோஸ்டாட் எங்கே இருக்கும்? எல்லா காரிலும் மேல் ஹோஸ் பக்கம்தானே?

பழைய வண்டிகளில் பெரும்பாலும் அப்படித்தான். எஞ்சினின் மேல் பாகமான சிலிண்டர் ஹெட்டிலிருந்து சூடான தண்ணீர் வெளியே வரும் வாயில், டாப் ஹோஸ் மாட்டுகிற இடத்தில் இருக்கும். இது வெளிவாய் அமைப்பு. பிறகு வந்த பல எஞ்சின்களில், முக்கியமாக டொயோட்டா, ஹோண்டா வண்டிகள் பலவற்றில், ரேடியேட்டரிலிருந்து ஆறிய தண்ணீர் திரும்பி வரும் பாட்டம் ஹோஸ் பக்கம், வாட்டர் பம்புக்கு முன்னால் வைத்தார்கள். இது உள்வாய் அமைப்பு.

ஏன் மாற்றினார்கள் என்பதுதான் சுவாரசியமான விஷயம். வெளிவாய் அமைப்பில் மெழுகு பார்ப்பது எஞ்சினை விட்டு வெளியேறும் தண்ணீரை மட்டும். சூடானதும் திறக்கிறது. உடனே ரேடியேட்டரில் ஆறிக் கிடந்த தண்ணீர் மொத்தமாக எஞ்சினுக்குள் கீழ்வழியாகப் பாய்கிறது. அது பிளாக்கையும் (ஹெட்டுக்குக் கீழே உள்ள எஞ்சின் உடல்) ஹெட்டையும் சுற்றி மேலே வந்து மெழுகைத் தொடும்வரை தெர்மோஸ்டாட்டுக்கு விஷயமே தெரியாது. தொட்டதும் ‘ஐயோ, குளிர்ந்துவிட்டது’ என்று மூடிக்கொள்ளும். மறுபடி சூடு ஏறும், மறுபடி திறக்கும். இப்படி மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். பனிக்காலத்தில் ஏற்காட்டில் விடியற்காலை வண்டி எடுப்பவர்களுக்கு இந்த ஆட்டம் நன்றாகத் தெரியும், ஏனென்றால் ரேடியேட்டரில் உள்ள தண்ணீருக்கும் எஞ்சினில் உள்ள தண்ணீருக்கும் 70 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கும்.

உள்வாய் அமைப்பில் இரண்டு தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் மெழுகு உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினைச் சுற்றி, ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழியான பைபாஸ் வழியாக வரும் சூடான தண்ணீர் ஒரு பக்கம், ரேடியேட்டரிலிருந்து வரும் ஆறிய தண்ணீர் மறுபக்கம். வெந்நீர் விளாவும்போது வாளிக்குள்ளேயே கையை வைத்திருந்தால் பதம் உடனே தெரியுமல்லவா, அதே வேலை. குளிர்ந்த தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக வந்தாலும், அது எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே மெழுகு சுருங்கிக் குறைத்துவிடும். ஆட்டம் குறையும். சூடான ஹெட்டில் திடீரென்று பச்சைத்தண்ணீர் அடிப்பதால் வரும் அதிர்ச்சியும் குறையும். அலுமினியம் ஹெட்டுக்கு இது பெரிய நிம்மதி.

உள்வாயிலும் ஒரு குறை உண்டு. கழட்டிப் பார்ப்பது சிரமம். பல வண்டிகளில் கை நுழையாது, மொத்தத் தண்ணீரையும் வடிக்க வேண்டிவரும்.

என் காரில் எந்த அமைப்பு என்று கழட்டாமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். காலையில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஏசி போடாமல் ஐடிலில் விடுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் சட்டைக் கையோ துப்பட்டாவோ போகாமல் பார்த்துக்கொண்டு, டாப் ஹோஸை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள்.

முதல் சில நிமிடம் சூடேறாமல் பச்சையாகவே இருந்து, திடீரென்று ஒரே மூச்சில் சுட்டால் வெளிவாய். டாப் ஹோஸ் ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி, பாட்டம் ஹோஸ் மட்டும் வெகுநேரம் பச்சையாக இருந்து பிறகு வெதுவெதுப்பானால் உள்வாய். இது தெரியாமல் ‘டாப் ஹோஸ் சீக்கிரமே சுடுகிறது, தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டது’ என்று சொல்லி நல்ல தெர்மோஸ்டாட்டை மாற்றியவர்கள் உண்டு. உள்வாய் வண்டிக்கு டாப் ஹோஸை வைத்து அந்த முடிவுக்கு வரக்கூடாது.

மலை ஏற தெர்மோஸ்டாட்டைக் கழட்டிவிடச் சொல்கிறார்களே அண்ணா, செய்யலாமா?

வேண்டாம். இந்த யோசனை நம் ஊரில் இன்னும் சாகவில்லை. ‘நம்ம வெயிலுக்கு அதெல்லாம் எதுக்குங்க’ என்பார்கள்.

பல தெர்மோஸ்டாட்களின் வாலில் இன்னொரு சின்னத் தட்டு இருக்கும். மேல் வால்வு திறக்கத் திறக்க, இந்தத் தட்டு கீழே போய் பைபாஸ் ஓட்டையை அடைக்கும். ரேடியேட்டருக்குப் போக வேண்டிய தண்ணீர் குறுக்கு வழியில் திரும்பிவிடக்கூடாது என்பதற்கான ஏற்பாடு. தெர்மோஸ்டாட்டைக் கழட்டினால் அந்தத் தட்டும் சேர்ந்து போய்விடுகிறது. பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீருக்கு எது சுலபமோ அந்த வழியில்தான் போகும். ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பார்க்காமல் சூடாகவே எஞ்சினுக்குள் திரும்பும். 40 டிகிரியில் ஓமலூர் ரோட்டில் ஓட்டும்போது இது தெரியாமல் போகலாம். ஏசியோடு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு பத்தாவது வளைவைத் தாண்டும்போது தெரிந்துவிடும். சூட்டைக் குறைக்கக் கழட்டியதே சூட்டை ஏற்றும்.

பைபாஸ் தட்டு இல்லாத வண்டிகளில் எதிர்ப்பக்கம் தொல்லை. எஞ்சின் போதிய சூட்டுக்கே வராது. இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் தங்கிக் கசடாகும்.

சரி, கழட்ட வேண்டாம். 88 டிகிரிக்குப் பதிலாக 76 டிகிரி தெர்மோஸ்டாட் போட்டால் மலையில் கூலாக ஏறுமா?

ஏறாது. தெர்மோஸ்டாட்டில் பொறித்த எண் அது திறக்க ஆரம்பிக்கும் சூடு. அதிலிருந்து 10 முதல் 15 டிகிரி மேலே போனால் முழுசாகத் திறந்துவிடும். முழுசாகத் திறந்த பிறகு அதற்கு வேலையே இல்லை. அதற்குமேல் எவ்வளவு சூடு ஏறும் என்பது ரேடியேட்டர், ஃபேன், தண்ணீரின் அளவு, காற்று இவற்றின் கையில். மலையில் கொதிக்கிற வண்டியில் தெர்மோஸ்டாட் எப்போதோ முழுசாகத் திறந்திருக்கும். 76 போட்டாலும் 88 போட்டாலும் அந்த இடத்தில் ஒன்றுதான். கம்பெனி சொன்ன எண்ணையே போடுங்கள்.

பொறித்திருப்பது 82. ஓபிடி கருவியில் (எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்வதைப் படித்துக் காட்டும் கருவி) 94 காட்டுகிறது. தெர்மோஸ்டாட் கெட்டுவிட்டதா?

இரண்டும் வேறு வேறு இடத்தில் அளக்கின்றன. உள்வாய் வண்டியில் 82 என்பது எஞ்சினுக்குள் நுழைகிற தண்ணீருக்கு. சென்சாரோ பெரும்பாலும் ஹெட்டின் வெளிவாயில் இருக்கும். நுழைந்த தண்ணீர் எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது கூடுதலாகத்தான் இருக்கும். மலை ஏற்றத்தில் அந்த இடைவெளி இன்னும் விரியும். 94 பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை.

சில புதிய எஞ்சின்களில் ஒரு தெர்மோஸ்டாட்டோடு விஷயம் முடிவதில்லை. ஃபோக்ஸ்வாகனின் இஏ211 குடும்பத்து எஞ்சின்களில் ஹெட்டுக்கு ஒன்று, பிளாக்குக்கு ஒன்று என்று இரண்டு உண்டு. ஹெட்டைச் சீக்கிரம் குளிர்விக்க வேண்டும், பிளாக் சற்றுச் சூடாகவே ஓடலாம் என்பது கணக்கு. வேறு சிலவற்றில் மெழுகுக்குள்ளேயே ஒரு குட்டி ஹீட்டர் வைத்து, எப்போது திறக்க வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரே முடிவு செய்யும். அந்த வண்டிகளில் சூடு சமதளத்தில் 100 டிகிரிக்கு மேல் நிற்பதும், ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் 90-க்கு இறங்குவதும் சகஜம்.

டாஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் எப்போதும் நடுவிலேயே நிற்கிறது. அப்படியென்றால் எல்லாம் சரிதானே?

முள்ளை அவ்வளவு நம்ப வேண்டாம். பழைய வண்டிகளில் முள்ளுக்கென்று தனி சென்சார், ஒற்றை வயர். சூடு எப்படிப் போகிறதோ முள் அப்படியே ஆடும். இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டர் பார்த்து முள்ளை வைக்கிறது. பல வண்டிகளில் 80-லிருந்து 105 வரை எங்கே இருந்தாலும் முள் நட்டநடுவில்தான் நிற்கும். சின்ன ஆட்டத்தைப் பார்த்து மக்கள் பதறி சர்வீஸ் சென்டருக்கு ஓடுகிறார்கள் என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது. முள் நடுவை விட்டு நகர்ந்தால் ஏற்கெனவே தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முள்ளே இல்லாமல் நீல விளக்கு, சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டிகளுக்கும் இதுவேதான்.

மலைக்கு அடிக்கடி போகிறவர் என்றால் புளூடூத் ஓபிடி டாங்கிள் ஒன்று வாங்கி மாட்டுங்கள். போனில் டிகிரியாகவே தெரியும்.

பாதி மலையில் முள் மேலே போய்க்கொண்டிருந்தது, திடீரென்று தானாகவே கீழே இறங்கிவிட்டது. ஆறிவிட்டது என்று ஓட்டலாமா?

உடனே ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

சென்சாரின் நுனி தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரைதான் அது சொல்வது உண்மை. ஹோஸ் வெடித்தோ, கொதித்து வெளியே கொட்டியோ தண்ணீர் மட்டம் சென்சாருக்குக் கீழே போய்விட்டால், நுனியைச் சுற்றி இருப்பது காற்றும் ஆவியும்தான். உலோகம் தகிக்கும், ஆனால் நுனிக்கு அந்தச் சூடு சரியாக வந்து சேராது. முள் இறங்கும், அல்லது மேலும் கீழும் குதிக்கும். டிரைவர் ‘அப்பாடா’ என்று இன்னும் நாலு வளைவு ஏறுவார். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் போவதும், ஹெட் வளைவதும் அந்த நாலு வளைவில்தான்.

தண்ணீர் இருக்கிறதா என்று சந்தேகம் இருந்தால், ஓரம் கட்டும்போதே ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திருப்புங்கள். முள் உயரத்தில் இருந்ததற்குப் பிறகு ஹீட்டரில் பச்சைக்காற்று வந்தால், ஹீட்டருக்குப் போகத் தண்ணீரே இல்லை என்று பொருள், எஞ்சினை நிறுத்துங்கள். சுடச்சுடக் காற்று வந்தால் தண்ணீர் இருக்கிறது; ஏசியை அணைத்தபடி, ஹீட்டரை ஓடவிட்டு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஐடிலில் சிறிது நேரம் ஓடவிடலாம், பம்பும் ஃபேனும் சூட்டை இறக்கும். 60 அடி பாலம் மாதிரி குறுகலான இடத்தில் நிற்க வேண்டாம், பின்னால் பஸ் வரும். எந்த நிலையிலும் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். பச்சைத்தண்ணீரை எஞ்சின் மேல் ஊற்றவும் வேண்டாம்.

ஃபோர்டு சில எஞ்சின்களில் சென்சாரைத் தண்ணீரில் வைக்காமல் ஹெட் உலோகத்திலேயே வைத்தது இதற்காகத்தான். தண்ணீர் போனாலும் உலோகத்தின் சூடு தெரியும். எல்லா கம்பெனியும் செய்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

எஞ்சின் கொதிக்கிறது, ஃபேன் ஓடவே இல்லை. ஃபேன் மோட்டார் போச்சா?

போயிருக்கலாம். ஆனால் முதலில் ஃபேனை ஓடச் சொல்லும் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அது ரேடியேட்டர் தொட்டியிலேயே திருகியிருக்கும். தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கே வராது. ரேடியேட்டர் பச்சையாக இருக்கும், ஸ்விட்ச் ‘எல்லாம் சுகம்’ என்று சும்மா இருக்கும், எஞ்சின் மட்டும் கொதிக்கும். ஃபேன் மோட்டாரை மாற்றிப் பயனில்லை. எஞ்சின் கொதிக்கும்போது ரேடியேட்டரின் அடிப்பாகம் பச்சையாக இருந்தால் முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட் மேல், அடுத்தது பம்ப், அடைப்பு.

புதிய வண்டிகளில் எஞ்சின் சென்சாரைப் பார்த்து கம்ப்யூட்டர்தான் ஃபேனைப் போடும், பொதுவாக 95-லிருந்து 100-க்குள். ஏசி போட்டாலும் ஓடும். ஏசி போட்டால் ஓடுகிற ஃபேன் சூட்டுக்கு ஓடவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, தேட வேண்டிய இடம் வேறு.

என் வண்டியில் தலைகீழ்: சாவி போட்டதுமே ஃபேன் ஓட ஆரம்பிக்கிறது.

சென்சார் வயர் அறுந்திருக்கும், அல்லது சாக்கெட் கழன்றிருக்கும். சென்சாருக்குள் இருப்பது சூடு ஏற ஏற மின்தடை குறைகிற தெர்மிஸ்டர். பல கார்களில் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் பக்கம் இருக்கும், 80 டிகிரியில் ஏறத்தாழ 300 ஓமுக்கு வந்துவிடும். வயர் அறுந்தால் தடை எல்லையில்லாமல் போகும். கம்ப்யூட்டருக்கு அது மைனஸ் 40 டிகிரி. சேலத்தில் மைனஸ் 40 வராது என்று அதற்கும் தெரியும். எதற்கும் இருக்கட்டும் என்று ஃபேனை ஓட்டிவிடும். ஓபிடியில் மைனஸ் 40 தெரிந்தால் சென்சாரை வாங்குவதற்கு முன் சாக்கெட்டை அழுத்திப் பாருங்கள். எலி கடித்த வயரும் நிறையப் பார்த்தாகிவிட்டது.

மேலே போகப் போகத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்குமாமே?

ஆமாம். ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். காரில் அது நடக்காமல் தடுப்பது ரேடியேட்டர் மூடி. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி நன்றாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட மேலே 115 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் வெடித்து அழுத்தம் நிற்கவில்லை என்றால் 95-தான்.

இப்போது முந்தைய பதிலோடு சேர்த்துப் பாருங்கள். ஃபேன் ஓட ஆரம்பிப்பதே 95-க்கு மேல். 88 டிகிரி தெர்மோஸ்டாட் முழுசாகத் திறப்பது 100 பக்கம். அதாவது மூடி கெட்ட வண்டியில், ஃபேனும் தெர்மோஸ்டாட்டும் தங்கள் வேலையை முடிப்பதற்கு முன்பே தண்ணீர் கொதித்துவிடும். கீழே மாதக்கணக்கில் தொல்லை தராத மூடி மேலே காட்டிக்கொடுப்பது இதனால்தான். விலையும் அதிகமில்லை, மலைக்கு முன் மூடியைப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட்டை வீட்டு அடுப்பில் சோதிக்கலாமா?

தாராளமாக. பழைய பாத்திரத்தில் தண்ணீர், அதில் நூலில் கட்டித் தொங்கவிட்ட தெர்மோஸ்டாட், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர். இரண்டும் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது, அடி தண்ணீரைவிடச் சூடு. நூலை வால்வின் இடுக்கில் செருகித் தொங்கவிடுவது நல்ல வழி: திறக்க ஆரம்பித்ததும் பிடி விட்டுத் தானே கீழே விழும், அந்த நொடியில் சூட்டைக் குறித்துக்கொள்ளலாம். முழுசாகத் திறக்கும்போது வால்வு பொதுவாக 8 மில்லிமீட்டராவது நகர வேண்டும்.

ஏற்காட்டில் வீடு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அடுப்பில் தண்ணீர் 95-ஐத் தாண்டாது. 88 டிகிரி தெர்மோஸ்டாட் பாதிதான் திறக்கும், அது பழுதல்ல. எப்போது திறக்க ஆரம்பிக்கிறது என்பதை மட்டும் பாருங்கள், முழுத் திறப்பைக் கீழே கொண்டுவந்து பார்த்துக்கொள்ளலாம்.

மலை இறங்கும்போது சூடு குறைகிறது. பழுதா?

சில டிகிரி குறைவது இயல்பு. கியரில் இறங்கும்போது எரிபொருள் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. ஆனால் 70-க்குக் கீழே போய் அங்கேயே கிடந்தால், அல்லது தொப்பூர் பக்கம் காலையில் வேகமாகப் போகும்போதும் சூடு ஏறவில்லை என்றால், தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது. செக் எஞ்சின் விளக்கு எரிந்து ஓபிடியில் பி0128 என்ற பழுதுக் குறியீடு வந்தால் இதே புகார்தான். சேலம் வெயிலில் நகரத்துக்குள் ஓட்டுகிறவர்களுக்கு இது வருடக்கணக்கில் தெரியாமலே போகும், மைலேஜ் மட்டும் குறைந்திருக்கும்.

புதிய தெர்மோஸ்டாட் மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

மெழுகுக் குப்பி எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி மாட்டினால் அது சூட்டையே பார்க்காது. தட்டில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடும் ஊசியும் இருந்தால், தெர்மோஸ்டாட் உட்காரும் ஹவுசிங் செங்குத்தாக உள்ள வண்டிகளில் அது பொதுவாக உச்சியில் வரவேண்டும், காற்று வெளியேறும் வழி அது. ரப்பர் ரிங் புதியது போடுங்கள், சிலிகான் பேஸ்ட்டைக் கண்டபடி அப்ப வேண்டாம். பிதுங்கி உள்ளே விழுந்து ரேடியேட்டரை அடைக்கும். அப்புறம் காற்றை எடுக்காமல் வண்டியை விடாதீர்கள். உள்ளே சிக்கிய ஒரு காற்றுக்குமிழி சென்சார் நுனியிலோ மெழுகைச் சுற்றியோ நின்றால், மேலே சொன்ன பொய்க்கணக்கெல்லாம் புதிய தெர்மோஸ்டாட் போட்ட வண்டியிலும் வரும்.

கூலண்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர்?

வேண்டாம். மேக்னசைட் வெட்டும் ஊரில் இருந்துகொண்டு நிலத்தடித் தண்ணீரின் உப்பைப் பற்றிக் கேட்கலாமா? கெட்டிலில் படிகிற அதே வெள்ளை சென்சார் நுனியிலும் மெழுகுக் குப்பியிலும் படியும். இரண்டுமே சூட்டைத் தாமதமாக உணரும். கூலண்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுங்கள். வழியில் வேறு கதி இல்லை என்றால் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம், ஊர் வந்ததும் வடித்துவிடுங்கள்.

மேலே போய் ஏரிப் பக்கம் நிறுத்திவிட்டு சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடுகிறதே?

ஓடட்டும். எஞ்சினை நிறுத்தியதும் பம்பும் நின்றுவிடும், ஹெட் உலோகத்தின் சூடு அங்கேயே நிற்கும் தண்ணீரில் இறங்கும். சில நிமிடங்களுக்கு சென்சார் காட்டும் எண் ஏறத்தான் செய்யும். சில வண்டிகளில் அதைப் பார்த்து ஃபேன் தொடர்ந்து ஓடி, தானே நிற்கும். கால் மணி நேரம் தாண்டியும் நிற்கவில்லை என்றால் ஃபேனுக்குக் கரண்ட் கொடுக்கும் ஸ்விட்சான ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது. பேட்டரி இறங்குவதற்குள் அந்த ரிலேயைப் பிடுங்கி வைத்துவிட்டு, திரும்ப ஸ்டார்ட் செய்வதற்கு முன் மறக்காமல் மாட்டுங்கள்.